நஞ்சை விதைத்தவனே மண்ணைச் சுட்டுத் தரட்டும்!

தொழிலாளத் தோழர்களே! கிராணித் தோழர்களே!

ஒரு வாளிப் பாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருந்தால் போதும்; ஸ்டோரில் மெட்ரோலாக் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒட்டுப்பாலில் ஒரு பிடி மண் ஒட்டியிருந்தால் அதற்கும் கழிவு உண்டு. நாள் தவறாமல் செக்ரோல் எழுதுகிற எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். தொழிலாளி கொண்டுவரும் பொருளுக்கு இத்தனை அளவை, இத்தனை நிறுவை, இத்தனை கணக்கு! ஆனால் முதலாளி மண்ணிலே விட்டுச் செல்லும் பொருளுக்கு அளவுகோல் எங்கே? அதைப் பதிந்து வைக்கும் செக்ரோல் எங்கே?

ஆலை மூடினால் இயந்திரத்தை விற்கிறார்கள். கூரைத் தகரத்தை விற்கிறார்கள். பழைய இரும்பை நிறுத்து விற்கிறார்கள். கடைசியில் நிலத்தையும் அடி கணக்கில் விற்றுவிட்டுப் போகிறார்கள். விற்காமல் விட்டுச் செல்வது ஒன்றே ஒன்றுதான்: மண்ணில் ஊறிய நஞ்சு. அது மட்டும் தொழிலாளிக்கும் அவன் பிள்ளைகளுக்கும் இலவசம்!

மண்ணில் ஊறிய நஞ்சை எடுக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மண்ணை அது கிடக்கும் இடத்திலேயே சூடேற்றி நஞ்சைப் பிரித்தெடுக்கும் வழி இன்று இருக்கிறது. செலவாகும், காலமாகும், ஆனால் முடியும். முடியும் என்றால், யார் செலவில், எந்த அளவுக்கு, யார் உடம்பைப் பணயம் வைத்து என்பதே கேள்வி. இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டு மலையூர் ஒன்றின் கதை நல்ல பாடம்.

கொடைக்கானலில் நடந்தது

கொடைக்கானல் என்றால் குளிரும் ஏரியும்தான் பலருக்கு நினைவு வரும். அங்கே 1980களின் முற்பகுதியில் உடல் வெப்பமானி செய்யும் ஆலை ஒன்று வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் ஓடிக்கொண்டிருந்த ஆலை அது. அங்கிருந்து பெயர்த்தெடுத்துப் பாண்ட்ஸ் நிறுவனம் இந்த மலைக்குக் கொண்டுவந்தது. 1987இல் பாண்ட்ஸின் தாய் நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியதும், ஆலை பின்னர் அதன் இந்தியக் கிளையான இந்துஸ்தான் லீவரின் கைக்குப் போயிற்று. இன்று அதன் பெயர் இந்துஸ்தான் யூனிலீவர்.

வெப்பமானியின் உயிர் பாதரசம். பார்க்க வெள்ளி போல் மின்னும். தரையில் கொட்டினால் உருண்டோடும். அதன் ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். ஆற்றிலும் குளத்திலும் சேர்ந்தால் மீனுக்குள் புகுந்து மனிதனுக்கு வரும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட கொடுமை அதுவே.

அப்படிப்பட்ட பொருளைக் கையாண்ட ஆலையின் உடைந்த கண்ணாடிக் கழிவு, பாதரசம் ஒட்டியபடியே, கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது. 2001 மார்ச் 7ஆம் நாள் ஊர் மக்களும் தொழிலாளரும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் அதை ஊரறியக் காட்டினார்கள். அந்த மாதமே ஆலை நின்றது. தன் நடைமுறையை மீறிக் கழிவு விற்கப்பட்டுவிட்டது என்று நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது.

ஆலையின் ஒரு பக்கம் பாம்பார் சோலை. மழை பெய்தால் ஆலை மேட்டில் விழும் நீர் சோலைக்குள் இறங்கும். சோலையின் நீர் சமவெளிக்கு இறங்கும். ஆகவே நஞ்சு வேலிக்குள்ளேயே நிற்கும் என்று எவனும் உறுதி கூற முடியாது. மழைக்கு வேலி தெரியுமா?

2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்குப் பாதரசம் மீட்கும் ஆலைக்குப் போயிற்று. எதிர்ப்பு எழுந்ததால் போயிற்று, தானாகப் போகவில்லை. கேட்டால் கிடைக்கிறது, கேளாவிட்டால் கிடப்பில் கிடக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் ஆலை வளாகத்தின் மண் அங்கேயே கிடந்தது.

தொழிலாளரின் கதி என்ன? தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் வந்த நோய்க்கு ஆலையே காரணம் என்று அவர்கள் சொன்னார்கள். இல்லை என்று நிறுவனம் சொன்னது. தன் பக்கம் ஆய்வுகள் இருக்கின்றன என்றது. 2006இல் தொழிலாளர் சென்னை உயர் நீதிமன்றப் படியேறினார்கள். 2011இல் இந்தியத் தொழிலாளர் அமைச்சு அமைத்த குழு, பாதரசத்தால் தொழிலாளர் பாதிக்கப்பட்டதற்கு அடையாளம் உண்டு என்ற கருத்தைத் தந்தது. 2015இல் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண்ணின் பாட்டு உலகெங்கும் பரவி நிறுவனத்தின் முகத்துக்கு நேரே விரல் நீட்டியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளரோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. தொகை இவ்வளவு என்று வெளியே சொல்லப்படவில்லை.

2001 எங்கே, 2016 எங்கே? பதினைந்து ஆண்டுகள்! இடையில் மாண்டவர் எத்தனை பேர்? அந்தக் கணக்கை எந்தச் செக்ரோலில் எழுதுவது? உடன்பாடு கையெழுத்தான அன்றும் ஆலை மண் முழுதாகச் சுத்தமாகவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

சூட்டினால் மண் சுத்தமாவது எப்படி?

சம்சு காய்ச்சும் முறை நம்மவருக்குத் தெரியாததன்று. நாம் அதைச் சொல்லித்தரப் போவதுமில்லை! ஆனால் அதன் தத்துவத்தை மட்டும் நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். அடுப்பில் ஏற்றிய பானையில் முதலில் ஆவியாவது மேலே போகிறது. குளிர்ந்த குழாயில் பட்டதும் துளித்துளியாக இறங்குகிறது. சக்கை பானையிலேயே தங்கிவிடுகிறது.

பாதரச மண்ணுக்கும் இதே தத்துவந்தான். கொடைக்கானலுக்கு வகுத்த திட்டத்தில் முதலில் மண்ணைக் கழுவுகிறார்கள். கல்லும் பெருமணலும் ஒரு பக்கம், நுண்ணிய மண் மறுபக்கம் எனப் பிரிகின்றன. பாதரசம் பெரும்பாலும் நுண்ணிய மண்ணையே பற்றிக்கொண்டிருக்கும். அந்த மண்ணை மட்டும் மூடிய உலையில் இட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சூடேற்றுகிறார்கள். தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. பாதரசம் சுமார் 357 பாகையில் கொதிக்கிறது. காற்றழுத்தம் குறைந்தால் அதற்கும் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் பாதரசம் மீண்டும் பாதரசமாகவே குப்பியில் சேர்கிறது. தப்பிப்போகும் ஆவியைப் பிடிக்கக் கரி வடிகட்டி இருக்கிறது.

எண்ணெய், கரைப்பான், டயாக்சின் போன்ற நஞ்சுகளுக்கு வேறு ஏற்பாடுகளும் உண்டு. மண்ணைத் தோண்டாமலே மின்சாரச் சூட்டுக் கம்பிகளைத் தரைக்குள் இறக்கி, எழும் ஆவியைக் குழாய் வழியே உறிஞ்சி எடுப்பது ஒரு முறை. மண்ணைப் பெருங்குவியலாகச் சுவருக்குள் கட்டி வேகவைப்பது இன்னொரு முறை.

வியட்நாமின் டா நாங் விமான நிலையத்தில் செய்தது இந்த இரண்டாவது முறை. போர்க்காலத்தில் அமெரிக்கப் படை காடழிக்கத் தெளித்த மருந்து அங்கே சேமிக்கப்பட்டு மண்ணில் ஊறியிருந்தது. அதிலிருந்த டயாக்சினைப் போக்க 2012இல் வேலை தொடங்கியது. மண்ணை 335 பாகைக்குக் குறையாமல் சூடேற்றினார்கள். 2018இல் முடிவதற்குள் சுமார் 90,000 கன மீட்டர் மண் வெந்து சுத்தமாயிற்று. செலவு 10 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். பெரும்பங்கு அமெரிக்க அரசின் பணம். நஞ்சைத் தெளித்தவன் பணம் கொடுத்தான். நாற்பதாண்டு கழித்தேனும் கொடுத்தான்.

அந்த மருந்தின் பங்காளியை மலாயா முன்பே பார்த்திருக்கிறது என்பதையும் இளைஞர்கள் அறிய வேண்டும். அவசரகாலத்தில், 1950களின் தொடக்கத்தில், பதுங்கியிருந்து தாக்குவோருக்கு மறைவிடம் இருக்கக்கூடாதென்று சாலையோரக் காடுகளில் பிரிட்டிஷார் களைக்கொல்லி தெளித்தார்கள். டா நாங் மண்ணைக் கெடுத்த மருந்திலிருந்த அதே சரக்கு அதிலும் இருந்தது.

20 என்ற எண்

மறுபடியும் கொடைக்கானலுக்கு வருவோம். மண்ணைச் சுடலாம் என்று முடிவானதும் அடுத்த சண்டை தொடங்கியது. எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது?

ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவு முன்வைக்கப்பட்டது. நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிலையத்தின் ஆய்வு அதற்கு ஆதாரம் என்றார்கள். சோலையின் விளிம்பில், நீர்ப்பிடிப்பு நிலத்தில் இது போதாது, இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்று மக்கள் தரப்பு வாதிட்டது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. கடைசியில் 20 என்ற அளவே நிலைத்தது.

அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தை நாம் புறங்கையால் தள்ளிவிடவில்லை. அளவை மேலும் இறுக்கினால் இன்னும் அதிக மண்ணைத் தோண்ட வேண்டும், மரங்கள் விழும், மலைச்சரிவில் மண் அரிக்கும் என்றார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. சுட்ட மண்ணில் புழுவும் இராது, நுண்ணுயிரும் இராது. அதை மீண்டும் உயிருள்ள மண்ணாக்க உரமும் காலமும் வேண்டும். இதுவும் உண்மையே.

ஆனால் நாம் கேட்பது இது: மரத்தின் மீது இவ்வளவு பரிவு, நஞ்சைக் கொண்டுவந்து கொட்டிய நாளில் எங்கே போயிற்று? சோலையின் விளிம்பில் பாதரச ஆலை கட்டியபோது இந்தக் கருணைக் கண் மூடியிருந்ததா? செலவு வரும் நாளில் மட்டும் திறக்கிற கண் என்ன கண்? தோண்டும் இடத்தில் தடுப்புச் சுவர் எழுப்பலாம்; பகுதி பகுதியாகத் தோண்டலாம்; வெட்டிய மரத்துக்குப் பதில் நட்டு வளர்க்கலாம். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். பணம் கேட்டவுடன் மரத்தின் பின்னால் போய் ஒளிந்துகொள்வது நேர்மையன்று.

இன்னொரு சாக்கும் உண்டு. “ஆலையை நெருக்கினால் வேலை போகும்” என்பது அது. கொடைக்கானலில் ஆலையை நெருக்கியவர் யாருமில்லாத ஆண்டுகளில் வேலை நிலைத்ததா? ஆலையே போயிற்று, வேலையும் போயிற்று, உடம்பும் போயிற்று. நஞ்சை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய வேலை எதுவும் நிலைத்ததில்லை.

எல்லா நஞ்சும் சூட்டுக்கு அடங்காது

சூடு ஒரு கருவி, அது மந்திரமன்று. எந்த நஞ்சு என்று பார்த்தே மருந்து தேட வேண்டும்.

நம் பேராக் மாநிலத்து புக்கிட் மேராவை மறந்துவிட்டோமா? ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் ஓடத் தொடங்கியது. ஈயச் சுரங்கக் கழிவிலிருந்து அரியமண் எடுத்தார்கள். கதிர்வீச்சுள்ள தோரியம் கழிவாய்த் தங்கியது. மக்கள் வழக்காடி 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993 இறுதியில் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாறியது. ஆனாலும் மக்கள் எதிர்ப்பு ஓயவில்லை; 1994இல் ஆலை மூடியது. பங்குதாரரான ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் பிறகு பெருஞ்செலவில் கழிவை மலையில் புதைத்து மூட வேண்டியதாயிற்று. தோரியத்தை எவ்வளவு சுட்டாலும் கதிர்வீச்சு போகாது. அதற்குச் சூடு உதவாது.

நம் தோட்டங்களிலும் ஒரு பழைய கணக்கு உண்டு. லாலான் புல்லை ஒழிக்கச் சோடியம் ஆர்சனைட் பல ஆண்டுகள் மலாயா ரப்பர் தோட்டங்களில் தெளிக்கப்பட்டது. மருந்தடித்த புல்லைத் தின்ற மாடுகள் செத்தன. ஆர்சனிக் ஒரு தனிமம். அது மக்கி மறையாது. அதைச் சுட்டால் ஆவியாகிப் பக்கத்துக் குடிசைக்குப் போகும். ஆகவே நாளைக்கு எவனாவது ஓர் அடுப்பைக் கொண்டுவந்து வைத்து, எல்லாவற்றையும் சுட்டுத் தருகிறேன் என்றால், “முதலில் என்ன நஞ்சு என்று அளந்து சொல், பிறகு அடுப்பை மூட்டு” என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் வாசலில்

கிள்ளான் பள்ளத்தாக்கைப் பாருங்கள். நம் பாட்டன்மார் பால் வெட்டிய நிரைகள் இன்று எங்கே? சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலாம் ஆயிற்று. சீஃபீல்டு தோட்டத்தில் சுபாங்கின் வீடமைப்புகள் எழுந்தன. எஃபிங்ஹாம் தோட்டம் பண்டார் உத்தாமா ஆயிற்று. பிரிக்பீல்ட்ஸில் ரயில் பெட்டிகள் நின்ற பெருங்களம் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையமாகத் திறந்தது. செந்தூல் ரயில் பட்டறை நிலமும் கைமாறியது.

இந்த இடங்களில் இன்ன நஞ்சு இருக்கிறது என்று நாம் குற்றம் சாட்டவில்லை. ஆதாரமில்லாமல் பழி சொல்வது நம் வழக்கமன்று. ஆனால் நிலம் தோட்டமாகி, தோட்டம் ஆலையாகி, ஆலை வீடாகிறபோது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் மண்ணைப் பரிசோதித்த சீட்டு ஒன்று பத்திரத்தோடு சேர்ந்து வரவேண்டாமா? நிலத்தின் அடிக்கு எத்தனை வெள்ளி என்று தெரிகிறது. அந்த அடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டாமா?

கிள்ளானுக்குத் தெற்கே ஜெஞ்சாரோமில் 2018இல் என்ன நடந்தது? அந்நிய நாட்டுப் பிளாஸ்டிக் குப்பையைக் கொண்டுவந்து திருட்டுத்தனமாய்க் குவித்து எரித்தார்கள். ஊர் மக்கள் மூச்சுத் திணறிப் போராடிய பிறகே அந்தக் கூடங்கள் மூடப்பட்டன. 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. கொட்டுகிறவன் இரவில் கொட்டுகிறான். மூச்சு விடுகிறவன் பகலில் விழுகிறான்.

சுற்றுச்சூழல் துறை 2009இல் அசுத்த நிலம் பற்றி வழிகாட்டிகள் வெளியிட்டது. நல்லது. ஆனால் வழிகாட்டி வழியைக் காட்டும். வழி தவறினவனைக் கூண்டில் ஏற்றாது. நமக்கு வேண்டியது சட்டம்.

பராகுவாட் மருந்தின் கதையும் நினைவில் இருக்கட்டும். அந்த மருந்தைத் தோளில் சுமந்து தெளித்தவர்கள் நம் பெண்கள். அவர்கள் பட்ட பாட்டைத் தெனாகானித்தா அமைப்பு 2002இல் வெளிக்கொணர்ந்தது. அந்த ஆண்டு வந்த தடையை 2006இல் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி முதல் நாளில்தான். முதலாளிமார் கேட்டால் நான்கே ஆண்டில் தளர்கிறது. தொழிலாளி கேட்டால் பதினான்கு ஆண்டாகிறது. இதுதான் இந்நாட்டுக் கடிகாரம்!

நாம் கேட்பது

நாம் வானத்தை வில்லாக வளைக்கக் கேட்கவில்லை. நம் கோரிக்கைகள் இவை:

1. ஆலை நிலமோ தோட்ட நிலமோ வீடாக மாறுவதற்கு முன் மண் பரிசோதனை கட்டாயமாக வேண்டும். முடிவு மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஊரறிய ஒட்டப்பட வேண்டும்.

2. நஞ்சு கண்டால், அதை விட்டுச் சென்றவன் செலவிலேயே சுத்தம் செய்ய வேண்டும். நிறுவனம் பெயர் மாறியது, கைமாறியது என்ற பேச்சு செல்லாது. இலாபம் கைமாறும்போது கடனும் கைமாறும்.

3. அங்கேயே சுத்தம் செய்ய முடியுமானால் அங்கேயே செய்ய வேண்டும். ஓர் ஊரின் நஞ்சை லாரியில் ஏற்றி இன்னோர் ஏழை ஊரில் கொட்டுவது சுத்தமன்று, இடமாற்றம்.

4. எந்த அளவுக்குச் சுத்தம் என்பதை நிறுவனம் தனியே முடிவு செய்யக்கூடாது. அந்த மண்ணில் விளையாடப் போகும் பிள்ளையை மனத்தில் வைத்து அளவு வகுக்க வேண்டும். வகுக்கும் மேசையில் தொழிலாளர் பிரதிநிதிக்கு நாற்காலி வேண்டும்.

5. மண்ணைச் சுடும் உலையில் நிற்பவனும் தொழிலாளியே! குத்தகைக்காரன் பிடித்து வரும் ஆள், நம்மவனாயினும் வங்காளதேசத்தவனாயினும் இந்தோனேசியனாயினும், அவனும் நம் தோழனே. வேலைக்கு முன்னும் வேலை நடக்கும்போதும் அவனுக்கு மருத்துவச் சோதனை வேண்டும். சோதனைச் சீட்டு அவன் கையில் வேண்டும். வேலையுடுப்பை ஆலையிலேயே வெளுக்க வேண்டும். நஞ்சு தோய்ந்த சட்டையை அவன் மனைவி துவைக்கக்கூடாது. ஊர் மண்ணைச் சுத்தமாக்க ஒரு தொழிலாளியின் நுரையீரலை வடிகட்டியாக்கும் கொடுமைக்கு நாம் உடன்படமாட்டோம்.

6. வேலை முடிந்ததென்று நிறுவனம் சொன்னால் போதாது. நிறுவனத்திடம் சம்பளம் வாங்காதவர் மண்ணெடுத்துச் சோதித்துச் சொல்ல வேண்டும்.

கிராணித் தோழர்களுக்குத் தனியே ஒரு சொல். எந்த மருந்து எந்த மாதம் எத்தனை டின் ஸ்டோருக்கு வந்தது, எந்தத் தீம்பாரில் அடிக்கப்பட்டது, மீதி எங்கே கொட்டப்பட்டது என்பதெல்லாம் நம் கையெழுத்தில்தான் இருக்கிறது. தோட்டம் விற்கப்படும் நாளில் முதலில் எரிக்கப்படுவது பழைய பேரேடுதான். அந்த ஏடுகள் அழியாமல் காக்கப்பட வேண்டும் என்று சங்கத்தின் வழியாகக் கேளுங்கள். நாளைக்கு வழக்கு மன்றத்தில் பேசப்போவது அந்த ஏடுகளே.

பால்வெட்டுத் தோழர்களே, “இது படித்தவர் விவகாரம், நமக்கென்ன” என்று ஒதுங்காதீர்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் முன்னோர் கூலி உயர்வை மட்டுமா கேட்டார்கள்? பிள்ளைகளுக்குப் பள்ளி கேட்டார்கள். முறையான மருத்துவம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவை ஒழி என்றார்கள். தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளத்தைக் கொண்டுவந்து சுட்டார்கள். தொழிலாளர் உயிர் போயிற்று. மனிதனாக வாழும் உரிமையைக் கேட்டவர்கள் அவர்கள். காலடி மண் நஞ்சில்லாமல் இருக்கவேண்டும் என்று கேட்பது அந்த உரிமையின் தொடர்ச்சியே.

கொடைக்கானல் தொழிலாளருக்குப் பதினைந்து ஆண்டு ஆயிற்று. அவர்கள் கூடிக் கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள், ஆகவே கிடைத்தது. நமக்கு அத்தனை ஆண்டு ஆகக்கூடாது. அடுத்த கிளைக் கூட்டத்திலேயே இந்த ஆறு கோரிக்கைகளையும் தீர்மானமாக்கித் தலைமைக்கு அனுப்புங்கள். உங்கள் தோட்டம் விலைபேசப்படுகிறது என்று காதில் விழுந்தால், நட்டஈடு எவ்வளவு என்று கேட்கும் அதே மூச்சில், மண் சோதனை எங்கே என்றும் கேளுங்கள்.

மண்ணைக் கெடுத்தவனே மண்ணைத் திருத்தட்டும்! திருத்தும் வரை நாம் விடமாட்டோம்!